அட்டைக்குள் இருந்த இருபது ரூபாய்

காலை பதினொரு மணி வாக்கில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் ஏறினால், சில நாட்களில் நமக்கு முன்பாக ஒரு வாடை ஏறி நின்றிருக்கும். புழுங்கல் அரிசி உலையில் கொதித்து நுரை தள்ளும்போது வருகிற வாடை. லேசாகப் புளித்தது, ஈரச்சாக்கை முகர்ந்தது போல இருக்கும். போன வாரம் என்னோடு ஏறிய மூன்றாவது மாடி அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கீழே வாட்ச்மேன் வீட்ல ரேஷன் அரிசி வேகுது" என்றார். எனக்கு வயிறு பசித்தது.

அன்று மேலே போகாமல் இறங்கிக் கீழே போனேன். மாடிப்படிக்கு அடியில் இருக்கிற ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. காவல்காரரின் மனைவி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, மறுநாளைக்கான அரிசியை முறத்தில் பரப்பிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விழுப்புரம் பக்கத்துக் கிராமம். கார்டு ஊரில் இருக்கிறதாம். மாமியார் வாங்கி வைப்பார், மாதம் ஒருமுறை காவல்காரர் பஸ்ஸில் போய்த் தூக்கி வருவார்.

"அரிசி முன்னைக்கு இப்ப பரவால்லக்கா. ஆனா இந்த பிளாஸ்டிக் அரிசியைக் கலந்துடறாங்க. தண்ணியில போட்டா மெதக்குது பாருங்க" என்று, கொஞ்சம் வெளுத்த நிறத்தில் இருந்த மணிகளை ஒவ்வொன்றாக எடுத்து இடது உள்ளங்கையில் சேர்த்தாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. அவள் விரல் அரிசிக்குள் நடந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரல் தள்ள, பெருவிரல் பிடிக்க, கண் வேறெங்கோ இருக்க. என் அம்மாவின் விரல் அப்படித்தான் போகும்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவே, கரிசல் காட்டில். முறத்தை நாங்கள் சொளகு என்போம். அப்பா லாரியில் லோடு ஏற்றப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அம்மா பகலில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குவாள், இரவில் வீட்டில் பெட்டி ஒட்டுவாள். எங்கள் ரேஷன் கார்டுக்கு அவள் போட்டிருந்த மேலட்டைகூட, அச்சுக் கோணலாகிக் கழித்துப்போட்ட தீப்பெட்டி லேபிள் தாள்தான். வரிசை வரிசையாகச் சிவப்புச் சேவல்கள், ஒவ்வொன்றுக்கும் கொண்டை தலையைவிட்டு விலகி நிற்கும். ரேஷன் கடைக்கு அனுப்பும்போது, "ஏ பிள்ள, சேவல எடுத்துக்கிட்டியா?" என்றுதான் கேட்பாள்.

ரேஷன் கடையை ஊரில் சொசைட்டி என்பார்கள். வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கும். சரக்கு வந்துவிட்டது என்ற சேதி மாட்டுவண்டி ஊருக்குள் நுழையும்போதே பரவிவிடும். வரிசையில் மனிதர்களைவிட டின்களும் பைகளும் கற்களும் அதிகம். பைக்குள் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனால் அது அவர்கள் இடம். யாரும் நகர்த்தமாட்டார்கள். மண்ணெண்ணெய்க்கு மட்டும் ஆள் நிற்க வேண்டும். ரேஷன் மண்ணெண்ணெய் நீல நிறமாக இருக்கும். வெளிச்சந்தையில் விற்றால் கண்டுபிடிக்கச் சாயம் கலக்கிறார்கள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அது அழகான நிறம், அவ்வளவுதான். டின்னுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன்.

சரக்கு பெரும்பாலும் புதன்கிழமை வரும். அம்மாவுக்குச் சம்பளம் சனிக்கிழமை. இந்த மூன்று நாள் இடைவெளிதான் எங்கள் வீட்டின் பெரிய கவலை. விலை குறைவுதான், ஆனால் அந்தக் குறைந்த காசும் மொத்தமாகக் கையில் இருக்க வேண்டுமே. சனிக்கிழமை சாயங்காலம் காசோடு போனால், கரும்பலகையில் அரிசிக்கு நேராகப் போட்டிருந்த எண்ணை அழித்திருப்பார்கள். அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். வாத்தியார் வீட்டில் ரேஷன் அரிசி சாப்பிடமாட்டார்கள், சீனி மட்டும் வேண்டும். அந்த வீட்டு அம்மா தன் கார்டை எங்களிடம் கொடுத்து, புதன்கிழமைக்குக் காசும் கொடுப்பார். அவர்கள் சீனியை நாங்கள் வரிசையில் நின்று வாங்கிக் கொடுப்போம். அந்தக் கார்டின் அரிசி எங்களுக்கு, காசு சனிக்கிழமை திரும்பிவிடும். எழுதாத ஒப்பந்தம். இரண்டு வீட்டிலும் ஒரு நாளும் தவறியதில்லை.

குறையும் இருந்தது. சில காலம் இருந்த ஒரு எடைக்காரர், தராசு நிற்பதற்குள் தட்டைக் கவிழ்த்துவிடுவார். கார்டில் பத்து என்று எழுதியிருக்கும், வீட்டில் படியால் அளந்தால் ஒரு படி குறையும். அம்மா சண்டை போடமாட்டாள். மறுமுறை நான் போகும்போது படியைக் கையில் கொடுத்தனுப்பினாள். "ஒண்ணும் சொல்லாத. அவரு கண்ணுல படுற மாதிரி வச்சிரு." அன்றைக்குத் தராசு நின்றது.

வீட்டுக்கு வந்த அரிசியின்மேல் அம்மா செய்கிற வேலை ஒரு மணி நேரம். முதலில் சொளகில் புடைத்தல். உமியும் தவிடும் வண்டும் போகும். பிறகு கல் பொறுக்குதல். அதன்பின் நான்கு தண்ணீரில் கழுவுவாள், அதில் மூன்றாவது தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும். புழுங்கல் அரிசியின் அந்த வாடைக்குக் காரணம் ஆலையில் நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போடுவதுதான். நெல் தொட்டியிலேயே புளிக்கத் தொடங்கிவிடும். சூடான நீரில் ஊறவைத்தால் சில மணி நேரத்தில் வேலை முடியும், வாடையும் வராது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அந்த முறையை உருவாக்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அம்மா அந்த நிறுவனத்தின் பேரைக்கூடக் கேட்டதில்லை. ஆனாலும் மூன்றாவது தண்ணீரைச் சூடாகத்தான் ஊற்றுவாள்.

நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுவாள். வடித்த கஞ்சியில் உப்புக்கல் போட்டு, வேலைக்குக் கிளம்பும் முன் அவள் ஒரு செம்பு குடிப்பாள். மீதிக் கஞ்சியில் என் பள்ளிக்கூடத் தாவணி விறைக்கும். நொய்யெல்லாம் கோழிக்கு. வாடை அதிகமான அரிசி வந்த மாதம் அதை உளுந்தோடு ஊறப்போட்டு ஆட்டுவாள். புளித்த மாவில் அந்த வாடை தெரியாமல் போய்விடும், இட்லி பூப்போல வரும். வாத்தியார் வீட்டிலிருந்தும் இட்லிக்கென்று இரண்டு படி கேட்டு வாங்கிப் போவார்கள்.

பாட்டியை நாங்கள் ஆச்சி என்போம். ஆச்சிக்கு இதெல்லாம் அதிசயம். அவள் காலத்தில் கம்பும் சோளமும் கேப்பையும்தான் சாப்பாடு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும், பிறகு ஊரில் யாருக்காவது கல்யாணம் என்றால். 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று பேசியதை அவள் டீக்கடை ரேடியோவில் கேட்டிருக்கிறாள். அந்தத் திட்டம் சென்னையிலும் கோவையிலும்தான் நடந்தது. கரிசலுக்கு வரவில்லை. "பட்டணத்துக்காரனுக்கு மட்டுந்தான் படி போல" என்று சொல்லிவிட்டுக் கம்பு குத்தப் போய்விட்டதாகச் சொல்வாள். பிறகு எங்கள் வீட்டில் தினமும் அரிசி வெந்தபோது, முதலில் சந்தோஷப்பட்டவளும் அவள்தான், முதலில் பயந்தவளும் அவள்தான். "தெனமும் நெல்லுச்சோறு தின்னா உடம்புல என்னத்த ஒட்டும்?" என்பாள். உரலில் கம்பு விழுவது குறைந்து, கடைசியில் அதற்குள் கோழி முட்டையிட்டது. அவள் பயத்தில் நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்த செய்தியைப் படித்தபோது, ஆச்சியிடம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

எங்கள் தெருவில் விடியற்காலை மூன்றரை மணிக்கு ஒரு ஹாரன் கேட்கும். தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. பிள்ளைகளை அரைத்தூக்கத்தில் தூக்கி ஏற்றுவார்கள். இருட்டில் போய் இருட்டில் திரும்பும். என்னோடு இரண்டாம் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்தவள், ஒரு நாள் அதில் ஏறினாள். அவளுடைய விரல் நுனிகளில் தீக்குச்சி மருந்து ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டுக்கும் ஏஜெண்டு வந்தார். அம்மா ஏற்கெனவே அவரிடம் முன்பணம் வாங்கியிருந்தாள். "பிள்ளையையும் அனுப்பு, சீக்கிரம் கழிஞ்சிரும்" என்றார்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. காமராஜர் காலத்திலிருந்தே, 1956 முதல், பள்ளியில் மதிய உணவு உண்டு. ஆனால் அது எல்லாப் பிள்ளைக்கும் எட்டவில்லை. இப்போது பெயர் எழுதிக்கொண்ட எல்லோருக்கும் சோறு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓலைக்கொட்டகை போட்டார்கள். ஆயா இரண்டு பேர். பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி என்று ஆழாக்குக் கணக்காக அளப்பார்கள். முதல் நாள் பூசணிக்காய்ச் சாம்பார். சோறு கட்டி கட்டியாக இருந்தது, அடியில் பிடித்த வாடையும் அடித்தது. நான் இரண்டாவது தடவையும் தட்டை நீட்டினேன். ஆயா ஒன்றும் சொல்லாமல் போட்டாள்.

அன்று இரவு அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வயித்துக்கு நெறையப் போட்டாகளா?" நான் ஆமாம் என்றேன். மறுநாள் ஏஜெண்டிடம் அவள் சொன்னாள்: "பிள்ளைக்கு மத்தியானச் சோறு பள்ளிக்கூடத்துல கெடைக்கு. அடுத்த வருசம் பாப்பம்." அடுத்த வருடம் ஏஜெண்டு வந்தபோதும் அதையே சொன்னாள், அதற்கு அடுத்த வருடமும். ரேஷன் அரிசியால் வீட்டுச் செலவில் மிச்சமானதைக் கொண்டு முன்பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தாள். புதிதாக வாங்கவில்லை. அவள் சொன்ன அந்த அடுத்த வருசம் எனக்கு வரவேயில்லை. என் தோழி வீட்டில் முன்பணம் பெரிது. அவளுக்குப் பள்ளிக்கூடத்துச் சோறு கிடைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே ரேஷன் கடை.

என் தம்பி என்னைவிட ஏழு வயது இளையவன். 1989-இல் சத்துணவில் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். முதல் முட்டையை அவன் தின்னாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். ஓடி வந்ததில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. எங்கள் கோழி இடுகிற முட்டைகளைக் கடைக்குத்தான் கொடுப்போம், வீட்டுக்கு வராது. அம்மா பெட்டி கட்டுகிற நூலில் ஒன்றை எடுத்து, இரு முனையையும் பல்லிலும் கையிலும் பிடித்து, முட்டையை நாலாக அறுத்தாள். மஞ்சள் கரு சிதறவில்லை. ஆச்சிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. தன்னுடைய கால் பங்கையும் அவன் வாயில் வைத்துவிட்டு, "இனிமே அங்கனயே தின்னுட்டு வரணும். அது ஒனக்குன்னு குடுத்தது" என்றாள். அதற்குப் பிறகு அவன் கொண்டு வரவில்லை.

நான் படித்து, வேலை கிடைத்து, சென்னைக்கு வந்துவிட்டேன். அம்மா வரவில்லை. ரேஷன் அரிசி 2006-இல் கிலோ இரண்டு ரூபாய் ஆனது. 2008 செப்டம்பரில் ஒரு ரூபாய். எங்கள் கார்டுக்கு இருபது கிலோ. சேவல் அட்டைக்குள் ஒரு இருபது ரூபாய்த் தாளை நாலாக மடித்து அம்மா எப்போதும் வைத்திருப்பாள். எடுத்தால் அன்று சாயங்காலமே வேறொரு தாள் அந்த இடத்துக்கு வந்துவிடும். புதன்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவில் தவித்த காலத்தை அவள் மறக்கவில்லை.

2011 ஜூன் முதல் அரிசி இலவசம். அன்றைக்கு அவள் தாளை நீட்டியிருக்கிறாள், கடைக்காரர் வேண்டாம் என்றிருக்கிறார். போனில் என்னிடம் சொன்னபோது குரலில் ஒரு சங்கடம். "துட்டு குடுத்து வாங்குனா எடை கொறையுதுன்னு கேக்கலாம். சும்மா குடுத்தா எப்படிக் கேக்க?" நான் சொன்னேன், சும்மா இல்லை அம்மா, நீ வாங்கின ஒவ்வொரு சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டியிருக்கிறாய். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பக் கேக்கலாம்" என்றாள்.

நான் பணம் அனுப்புகிறேன், அந்த அரிசியை விட்டுவிடு என்று ஒருமுறை சொன்னதுண்டு. கேட்கவில்லை. வாங்காமல் விட்டால் கார்டு செத்துப்போகும் என்று பயம். அதோடு அந்த இருபது கிலோவுக்கு அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. பாதி அவளுக்கும் இட்லி மாவுக்கும். கோழிக்குக் கொஞ்சம். மீதி பக்கத்து வீட்டுக் கிழவிக்கு. மகன் கார்டில் பெயரைச் சேர்த்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டதால் கிழவிக்குத் தனிக் கார்டு இல்லை. எங்கள் தெருவில் சிலர், சைக்கிளில் வருகிறவரிடம் ஐந்து கிலோ, பத்து கிலோ அரிசியை விற்றதும் உண்டு. அது சட்டப்படி தவறு. அம்மா விற்றதில்லை, விற்றவர்களை ஏசியதும் இல்லை. "மாத்திரைக்குத் துட்டு வேணும்லா. அரிசியக் குடுத்தா மருந்துக்கடையில வாங்கிக்கிடுவாகளா?" என்பாள்.

1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று ரேஷனைப் பிரித்தது. தமிழ்நாடு, நடுவில் சில தடுமாற்றங்கள் இருந்தாலும், எல்லோருக்கும் என்ற வழியிலேயே நின்றது. இன்று இரண்டு கோடிக்கும் மேலே குடும்ப அட்டைகள். சீனி மட்டும் வாங்குகிற கார்டு, எதுவும் வாங்காத கார்டு உட்பட. வாத்தியார் வீட்டுக் கார்டும் எங்கள் கார்டும் ஒரே வரிசையில் நின்றதற்கு அதுதான் காரணம். நாங்கள் ஏழை என்று ஒருவரிடம் போய் எழுதி வாங்கி, அதைக் காட்டிச் சோறு வாங்கும் நிலை அம்மாவுக்கு வரவில்லை. அப்படி ஒரு நிலை வந்திருந்தால் அவள் வரிசைக்கே போயிருக்கமாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

2017-இல் காகிதக் கார்டு போய் ஸ்மார்ட் கார்டு வந்தது. கைக்குள் அடங்குகிற அந்த பிளாஸ்டிக் அட்டைக்குச் சேவல் தாள் பொருந்தவில்லை. அம்மா அதற்கு ஒரு சின்ன உறை தேடி, பின்னால் அந்த இருபது ரூபாய்த் தாளைச் செருகினாள். கொடுக்க வேண்டிய தேவை இல்லாத ஆறாவது வருடம் அது. 2020 ஏப்ரலில் ஊரடங்கால் தீப்பெட்டி ஆபீசுகள் மூடிக் கிடந்தபோது, வீட்டுக்கு டோக்கன் வந்தது. ஆயிரம் ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சீனியும் கிடைத்தன. சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று வாங்கிவிட்டு வந்து போன் பண்ணினாள். "ஊர்ல ஒரு அடுப்பும் அணையல. நீ பயப்படாத" என்றாள். சென்னையில் காய்கறிக்கு அலைந்துகொண்டிருந்த எனக்கு அவள் தைரியம் சொன்னாள்.

அதற்குப் பிறகு கைரேகைக் கருவி வந்தது. அம்மாவின் விரலை அது படிக்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். பசையிலும் மருந்திலும் நாற்பது வருடம் தேய்ந்த விரல்கள். உமியையும் கல்லையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறிந்த விரல்கள்தான் அவை. வேறு வழியில் பதிந்து அரிசி கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவள் ஒவ்வொரு முறையும் கருவிக்கு முன்னால் சேலையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள் என்று தம்பி சொன்னான்.

அவள் போன பிறகு கார்டிலிருந்து பெயரை நீக்க நானும் தம்பியும் இறப்புச் சான்றிதழோடு போனோம். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் முகம் இருந்தது. உறைக்குப் பின்னால் மடிப்பு கலையாமல் அந்த இருபது ரூபாய். தம்பி கார்டை எடுத்துக்கொண்டான், தாளை நான் எடுத்துக்கொண்டேன்.

"என்னக்கா, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்றாள் காவல்காரரின் மனைவி.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் உள்ளங்கையிலிருந்த மணிகளில் ஒன்றை எடுத்து அவளிடமே காட்டினேன். இது பிளாஸ்டிக் இல்லை, இதுவும் அரிசி மாவுதான் என்றேன். அரிசியை மாவாக்கி, அதில் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் கலந்து, திரும்ப அரிசி வடிவத்தில் செய்து, நூறு மணிக்கு ஒன்று என்று கலக்கிறார்கள். ரத்தசோகைக்காக. அவள் என்னைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள். முறத்தின் ஓரத்தில் அது போலப் பத்துப் பன்னிரண்டு கிடந்தன.

"ஒரு வருசமா பொறுக்கித் தூரப் போட்டுட்டேனேக்கா" என்றாள். பொருளை வீணாக்கிவிட்ட வீட்டுக்காரியின் வருத்தம் அந்தக் குரலில் இருந்தது.

உள்ளே உலை பொங்கியது. கையிலிருந்த மணிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ச் சோற்றை வடித்தாள். அந்த வாடை அறை முழுக்க நிறைந்து, வெளியே வந்து, லிஃப்டுப் பக்கம் போனது. "கஞ்சி கொஞ்சம் குடேன், உப்புப் போட்டு" என்றேன். அவள் நம்பாமல் சிரித்தபடி டம்ளரைத் தேடினாள். கொடுத்துவிட்டு மறுபடி முறத்தின் முன்னால் உட்கார்ந்து, கீழே வைத்த மணிகளை எடுத்து அரிசிக்குள் உதறினாள். ஓரத்தில் கிடந்தவற்றையும் ஒரு விரலால் தள்ளிச் சேர்த்தாள்.